உங்களுக்குத் தெரியுமா? கொசு, உண்ணி, தெள்ளுப்பூச்சி: திருச்சி, ஸ்ரீரங்கம் துணுக்குகள்

பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் உற்சவமும் வெயிலும் சேர்ந்தே வரும். கடிக்கிற பூச்சிகளும் கூடவே வரும். "ரெண்டு பக்கமும் ஆறு, கொசு இல்லாம எப்படி இருக்கும்?" என்று காவிரியையும் கொள்ளிடத்தையும் குறை சொல்வது இங்கே வழக்கம். விவரம் பார்த்தால் இதில் ஆற்றின் பங்கு கொஞ்சம்தான், நம் வீட்டின் பங்கு அதிகம்.

● ஓடும் ஆற்றில் கொசு வளர்வதில்லை. கொசுப்புழு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு விட வேண்டும். நீரோட்டம் அதை நிலைகொள்ள விடாது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் படிகளைத் தொட்டு ஓடும் காவிரியால் கொசு கூடுவதில்லை. சித்திரையில் மணல் தெரியும்போதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் அள்ளிய குழிகளிலும் கரையோரப் பள்ளங்களிலும் தேங்கும் தெளிந்த நீர், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்கு ஏற்ற இடம். ராமேஸ்வரம் தீவில் சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழிகளிலும் கிணறுகளிலும் இதே கொசு பெருகித்தான் பல காலம் மலேரியா நீடித்தது.

● டெங்கு, சிக்குன்குன்யா இரண்டையும் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்குள்ளேயே பறந்து முடித்துவிடுகிறது. உத்திர வீதியில் ஒருவரைக் கடித்த ஏடிஸ் கொள்ளிடக்கரையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. அதே வீதியில், பெரும்பாலும் அதே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

● மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் ஆட்டுக்கல் பல வீடுகளில் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. மழை பெய்து ஐந்தாறு நாள் கழித்து அதன் குழியைக் குனிந்து பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் உங்கள் நிழல் விழுந்ததுமே எல்லாம் அடிக்குப் போயிருக்கும். அசையாமல் நின்றால் ஒன்றொன்றாக நெளிந்து மேலே வரும். வாலில் உள்ள சிறு குழாயைத் தண்ணீர் மட்டத்தில் பொருத்தி, தலைகீழாகத் தொங்கியபடி மூச்சு விடும். அவற்றுக்கு நடுவே தலை பெருத்து, உடல் வளைந்து, எதையும் தின்னாமல் சிலது இருக்கும். அவை கூட்டுப்புழுக்கள்; இன்னும் இரண்டு மூன்று நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது என்பதால் குழியில் மணலை நிரப்பிவிடுவது நல்லது.

● கொட்டினால் மட்டும் போதுமா? போதாது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. கறுப்பாக, மிளகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரியும். பங்குனியில் காய்ந்த சிமெண்ட் தொட்டி ஐப்பசி மழையில் நிரம்பியதும், முட்டையிட யாரும் வராமலே புழு தோன்றுவது இதனால்தான். ஆகவே உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ போட்டு அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீடு வீடாக வரும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாமல் கொல்லை வரை அழைத்துப் போங்கள். உச்சி வெயிலில் நடந்து வந்து நம் வீட்டுத் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு தம்ளர் மோரும் கொடுக்கலாம்.

● ஃப்ரிட்ஜின் பின்புறம் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. பலர் அதை வாங்கிய நாளிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. ஐஸ் உருகி வடியும் நீர் அதில்தான் சேர்கிறது. வீட்டுக்குள்ளேயே, நிழலில், யாரும் தொடாத நீர். ஏடிஸுக்கு வேறென்ன வேண்டும்?

● இளநீர் குடித்துவிட்டுப் போடும் கூடு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பா, ஏ.சி. தண்ணீர் பிடிக்கிற வாளி, தெருக்குழாய் மூட்டில் கசிந்து நிற்கும் குழி. ஒரு பாட்டில் மூடியளவு நீரிலும் ஏடிஸ் வளரும். டயரில் தங்கிய முட்டைகள் கடல் தாண்டியும் போயிருக்கின்றன: ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் பரவியிருப்பது கண்டறியப்பட்டபோது, பழைய டயர் இறக்குமதியில் வந்திருக்க வேண்டும் என்றே அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

● மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீருக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் மூடி உடைந்த சேகரிப்புத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றால் அது கொசுத் தொட்டிதான். மேலே நைலான் வலை கட்டி, அடியில் உள்ள ஜல்லியை ஆண்டுக்கு ஒருமுறை கழுவிப் போட்டால் இரண்டு வேலையும் ஒழுங்காக நடக்கும்.

● ஏடிஸ் பகல் கொசு. சூரியன் உதித்த பின் இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்ச வேளை. கோலம் போடக் குனிகிற நேரம், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், சாயங்காலம் தெருவில் விளையாடும் நேரம். கணுக்காலைத் தேடித்தான் பெரும்பாலும் வரும். ராத்திரிக்கு மட்டும் கொசுவலை கட்டுகிற வீட்டில் பகலில் தூளியில் தூங்கும் குழந்தைக்கு வலை இல்லாமல் இருப்பதை நிறையப் பார்க்கிறோம். வலை முதலில் வேண்டியது அந்தத் தூளிக்குத்தான்.

● வெயில் ஏற ஏற டெங்கு ஏறிக்கொண்டே போகாது. கொசுவின் வயிற்றில் புகுந்த டெங்கு வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வர, 25 முதல் 28 டிகிரியில் 8 முதல் 12 நாள் ஆகிறது. வெப்பம் கூடினால் இந்த நாள்கணக்கு சுருங்கும். ஆனால் கொசுவின் ஆயுளும் சுருங்கும். 29 டிகிரியை ஒட்டிப் பரவல் உச்சம் பெறுகிறது, 34 டிகிரியைத் தாண்டினால் சரிகிறது என்று கணித ஆய்வுகள் சொல்கின்றன. 40 டிகிரியைத் தொடும் திருச்சி அக்னி நட்சத்திரத்தில் டெங்கு தலையெடுக்காமல், ஐப்பசி கார்த்திகை மழையோடு கிளம்புவதற்கு இது ஒரு காரணம். இருந்தாலும் கட்டிலுக்கு அடியிலும் ஆணியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் நிழலும் குளிர்ச்சியும் இருக்கின்றன. கோடையில் ஏடிஸ் அங்கேதான் ஒதுங்குகிறது. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து குடம் குடமாகப் பிடித்து வைக்கும் பழக்கம் அதற்கு முட்டையிட இடமும் கொடுக்கிறது.

● 2017-இல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு பதிவானது. 65 பேர் இறந்தார்கள். இதில் பலரும் அறியாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் அல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிறதே, அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் நிலைகுலையக்கூடும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்ல" என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த நாட்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. கஞ்சி, மோர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் எல்லாம் நல்லது. ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மறுமுறை வேறு வகை வைரஸால் வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். மொத்தம் நான்கு வகை இருக்கிறது.

● சிக்குன்குன்யா நம் மாநிலத்துக்கு 2006-இல்தான் வந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1964-லேயே சென்னையையும் வேலூரையும் அது ஆட்டி வைத்திருக்கிறது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

● இரவில் காதோரம் ரீங்கரிக்கும் கொசு வேறு, கியூலெக்ஸ். இது அழுக்கு நீரை விரும்புவது: சாக்கடை, செப்டிக் டேங்க், ஓட்டம் நின்ற வாய்க்கால். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. மூடியபின் உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஓட்டம் குறைந்து நகரத்துக் கழிவு நீர் தேங்கும் இடங்களில் கியூலெக்ஸ் கொண்டாட்டமாகப் பெருகும். மாசி மாதத்து மாலைகளில் ஜன்னலைச் சாத்த வைப்பது இதுதான். சோழர் வெட்டிய வாய்க்கால் இப்படிக் கழிவு வாங்கிக் கிடப்பது மனதை வருத்துகிறது. கொசு அதன் விளைவுகளில் ஒன்றே ஒன்று.

● வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து மொட்டை மாடிக்கு மேலே போகும் காற்றுக்குழாயின் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? அது திறந்திருந்தால் கியூலெக்ஸ் அதன் வழியே இறங்கி முட்டையிட்டு, அடுத்த தலைமுறை அதே வழியே வெளியே வருகிறது. ஒரு சாண் நைலான் வலையும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் அதை அடைத்துவிடலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு கொசுவைக் குறைக்கும் வேறொரு வேலை எனக்குத் தெரியாது.

● கொசு பரப்பும் யானைக்கால் நோயைத் தெர்மோகோல் உருண்டைகளைக் கொண்டு எதிர்த்த ஊர் திருக்கோவிலூர். மதுரையில் இயங்கிய ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் அந்தப் பகுதிக் கிராமங்களில் கழிவு நீர்க் குழிகளிலும் பாழ்கிணறுகளிலும் சிறு பாலிஸ்டைரின் உருண்டைகளை மிதக்க விட்டார்கள். அவை தண்ணீரை முழுவதும் மூடிக்கொண்டதால் கொசுவால் முட்டையிட முடியவில்லை, புழுவால் மூச்சு விடவும் முடியவில்லை. யானைக்கால் நோய்க்கு மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, மாத்திரையோடு கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில் பலன் நிலைத்து நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2007-இல் இந்த ஆய்வு வெளியானது.

● ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் தண்ணீரை மொண்டு பார்த்தால் கொசுப்புழு தென்படாது. அதனால் கொசு இல்லை என்று பொருளில்லை. மான்சோனியா என்ற வகையின் புழு மேலே வருவதே இல்லை. கூரான மூச்சுக்குழாயை நீர்த்தாவரத்தின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொள்கிறது. மேலே தெளிக்கும் எண்ணெயும் மருந்தும் அதைத் தொடாது. செடியை வேரோடு வாரி எடுத்துக் கரையில் காயப்போடுவதுதான் வழி.

● கல்லணையிலிருந்து பிரியும் கால்வாய் 1934-இல் திறக்கப்பட்டது. மேட்டூர்த் திட்டத்தின் நீர் பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் பாய்ந்தது. கூடவே மலேரியாவும் போய்ச் சேர்ந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலும், நம்மவரான டி. ராமச்சந்திர ராவும் அங்கே வயல் வயலாகக் கொசுவைப் பின்தொடர்ந்தார்கள். 1942-இல் அவர்கள் எழுதியது இன்றும் வியப்பூட்டுகிறது. அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் பறந்தபடியே நீர்மட்டத்தில் முட்டையிடுவது. நடவு புதிதாக இருக்கும்போது வயலெல்லாம் முட்டையிடும். பயிர் சுமார் ஓர் அடி வளர்ந்துவிட்டால் அந்த வயலுக்கு வருவதை நிறுத்திவிடும். தாள்கள் குறுக்கே நின்று அதன் ஆட்டத்தைத் தடுத்துவிடுகின்றன. நெல்லுக்குப் பதிலாகக் குச்சிகளை நட்டுவைத்துச் சோதித்தபோதும் அதே விளைவுதான் கிடைத்தது. கொசுவை நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய பொறுமை இல்லாவிட்டால் இப்படி ஒரு விஷயம் பிடிபடாது.

● ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். நெல் வயலில் வளரும் கியூலெக்ஸ் இனங்கள் அதைப் பரப்புகின்றன. கொக்கும் மடையானும் வைரஸைத் தாங்கும் பறவைகள். பன்றிக்குள் அது பெருகுகிறது. மாட்டைக் கடிப்பதில் இந்தக் கொசுவுக்கு விருப்பம் அதிகம், ஆனால் மாட்டின் ரத்தத்தில் வைரஸ் பெருகுவதில்லை. வயலை எப்போதும் மூழ்கடிக்காமல், நீர் வற்றியபின் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையில் புழு மடிகிறது என்று மதுரை மையத்தின் 1990-களின் ஆய்வுகள் காட்டின. வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவும் சேர்ந்தபோது இன்னும் நல்ல பலன். தண்ணீரும் மிச்சம்.

● கிணற்றில் மீன் விடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். தூர்ந்த கிணறும் மூடாத மேல்நிலைத் தொட்டியும் நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சிக்கு வீடு. கப்பி மீன் 1908-இலும் கம்பூசியா 1928-இலும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கிணற்றோடும் தொட்டியோடும் நிற்கும் வரை சரி. கம்பூசியாவைக் காவிரியிலோ ஊர்க்குளத்திலோ விட்டுவிடாதீர்கள்; நாட்டு மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும்.

● ஐப்பசி மழைக்கு முன் ஆற்றங்கரையில் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களை அடிக்காதீர்கள். அதன் குஞ்சு தண்ணீருக்குள் இருக்கும்போது கொசுப்புழுவைத் தின்கிறது. வளர்ந்த தட்டான் கொசுவையே பறந்து பிடிக்கிறது.

● தெருவில் புகை மருந்து அடித்துப் போனால் நமக்கு ஒரு நிம்மதி. அந்தப் புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழுவுக்கும் சுவரில் ஒட்டிய முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. டெங்கு கண்ட தெருவில் உடனடியாக அடிப்பதற்குப் பயன் உண்டு. அதையே நம்பி இருப்பதற்கு இல்லை.

● மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். வேகமாகச் சுழலும் மின்விசிறிக்கு அடியில் படுங்கள். கொசு பறப்பதில் பலவீனமானது. காற்றை எதிர்த்து இறங்க அதனால் முடியாது, நம் மூச்சின் வாசனையும் கலைந்துவிடும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்திகளை வாங்கும் முன் உறையில் பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது.

● தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை அனோபிலிஸ் கொசுக்கள் 12 மணி நேரம் கடிக்கவில்லை என்று டெல்லியின் மலேரியா ஆராய்ச்சியாளர்கள் 1993-இல் எழுதினார்கள். அந்த முழுப் பாதுகாப்பு அனோபிலிஸுக்குச் சொல்லப்பட்டது. டெங்குக் காலத்தில் ஏடிஸுக்கு எதிராக அதை மட்டும் நம்ப வேண்டாம். நொச்சியும் அப்படித்தான்: இலையைப் புகைத்தால் கொசு விலகும், வாசலில் செடியை நட்டு வைத்தால் மட்டும் விலகாது.

உண்ணி

● உண்ணி பூச்சியே இல்லை. எட்டுக் காலுடன் சிலந்தி, தேள் இனத்தைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்.

● நாய் உண்ணிக்கு நம் வீடே காடு. ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, தரையில் நிற்காமல் சுவரேறுகிறது. ஜன்னல் கட்டை இடுக்கு, மாட்டியிருக்கும் படத்தின் பின்புறம், கதவு நிலையின் விரிசல் ஆகியவற்றில் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு முறை நாயைத் தேடி வந்து குடித்துவிட்டு மறுபடி சுவருக்கே போகிறது. நாயை மட்டும் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, "போன வாரம்தானே குளிப்பாட்டினோம், மறுபடி எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்களுக்கு விடை சுவரில் இருக்கிறது. இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்து, நாய் படுக்கும் சாக்கை வாராவாரம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டு, நாய்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் மாத்திரையைக் கொடுத்தால்தான் சங்கிலி அறும். வளர்ந்த உண்ணி ரத்தமே இல்லாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் என்பதால் ஒரு மாதத்தில் நிறுத்திவிடக் கூடாது.

● உண்ணி கடித்த நாய்க்குச் சாப்பாடு செல்லாமல், காய்ச்சலோடு, மூக்கில் ரத்தம் வந்தால் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் ரத்தத் தட்டணுவைக் குறைத்திருக்கலாம். ஆரம்பத்தில் பார்த்தால் மருந்துக்குக் கேட்கும்.

● ஒட்டிய உண்ணியைத் தீக்குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், நகத்தால் நசுக்குவதும் தவறு. தொந்தரவு செய்தால் அது வயிற்றிலுள்ளதைக் கடிவாய்க்குள்ளே கக்கிவிடக்கூடும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், சீராக இழுத்து எடுத்து சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். பிறகு கையையும் கடிவாயையும் கழுவ வேண்டும்.

● மாட்டு உண்ணியின் வழி வேறு. அது ஒரே மாட்டின் மேல் மூன்று வாரம் தங்கி மூன்று பருவத்தையும் முடித்துக்கொண்டு, முட்டையிட மட்டும் தரைக்கு இறங்குகிறது. கொட்டிலில் மேயும் நாட்டுக்கோழி அந்தச் சமயத்தில் கொத்தித் தின்றுவிடும். மாட்டோடு கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கு பெரும்பாலும் பிடிப்பது, மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைத்தான்.

● ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து எழுந்த சில நாளில் விடாத காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை, மலேரியா இல்லை என்று வருகிறது. அப்போது உடம்பு முழுவதும் தேடிப் பாருங்கள்: அக்குள், இடுப்பில் அரைஞாண் படும் இடம், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில். நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, சிகரெட்டால் சுட்டதைப்போல ஒரு பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை, கூச்சத்தால் மருத்துவரிடம் காட்டுவதுமில்லை. கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. நோய் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டில் மழைக்காலத்தின் பின்பாதியிலும் குளிர் மாதங்களிலும் கூடுதலாக வருகிறது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். காலத்தில் கண்டால் டாக்ஸிசைக்ளின் போன்ற மலிவான மருந்தே குணமாக்கிவிடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் தீவிர நிலையிலிருந்த 794 பேரிடம் நடந்த ஆய்வு, டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2023-இல் நிறுவியது. எல்லா அரசு மருத்துவமனைக்கும் இந்தச் செய்தி உரியது. புல்லில் உட்காரும் முன் ஒரு பாயோ விரிப்போ போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடையை மாற்றுங்கள்.

தெள்ளுப்பூச்சி

● நாய், பூனை மேல் நாம் காணும் தெள்ளுப்பூச்சிகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மீதி 95 பங்கும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் மண்ணிலும் கிடக்கின்றன. இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. நனைத்த வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் பூனையின் முதுகு மயிரைச் சீப்பால் வாருங்கள். விழுகிற கறுப்புத் துகள்கள் சற்று நேரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை. தெள்ளின் எச்சம், அதாவது காய்ந்த ரத்தம். தெள்ளின் புழு வளர்வதும் அந்த எச்சத்தைத் தின்றுதான்.

● பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் பெங்களூரில், ஸ்ரீரங்கத்து வீடு மாதக்கணக்கில் பூட்டு. பரணில் பூனை குட்டி போட்டுவிட்டுப் போயிருக்கும். உற்சவத்துக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் முழங்காலுக்குக் கீழே சுளீர் சுளீரென்று கடி. கூட்டுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த தெள்ளுகள், காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது பரணையும் தரை இடுக்கையும் நன்றாகப் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றி, சோப்பு வெந்நீரால் கழுவுவது. மருந்தடித்தபின்னும் இரண்டு வாரம் வரை புதிதாகச் சில வரும், ஏனென்றால் கூட்டுக்குள் இருப்பதை மருந்து எட்டாது.

● பிளேக் நோயை எலியிலிருந்து மனிதருக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-இல் கராச்சியில் கண்டுசொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். பம்பாயையும் புனேயையும் குலைத்த அந்த நோய் சென்னையில் ஏன் வேர்விடவில்லை? கொழும்பில் 1914-இல் பிளேக் வந்தபின் அங்கே பணிபுரிந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் எலித்தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்து ஒரு விடை சொன்னார். பிளேக்கை நன்றாகக் கடத்துவது சீயோப்பிஸ் என்ற தெள்ளு. சென்னையிலும் கொழும்பிலும் எலி மேல் மிகுதியாக இருந்தது ஆஸ்டியா என்ற வேறு இனம், கடத்துவதில் அது மந்தம். அந்தப் பாதுகாப்பு கோயம்புத்தூருக்குக் கிடைக்கவில்லை. அங்கே மக்கள் எழுப்பிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

● தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கும் பூனைக்கும் ஒருவகை நாடாப்புழு வருகிறது. அவற்றோடு புரளும் சிறு குழந்தைகளுக்கும் சில சமயம் வரும். தெள்ளுக்கு மருந்து வாங்கும்போது குடற்புழு மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

● நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூனையின் கழுத்தில் தடவிவிடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உடலில் முறியாமல் தங்கி, நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரையே வாங்கிவிடும். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உடனே கழுவிவிட்டு, மருந்து உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.